"டபுள் சுருள்" கோழி ஜோடி வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

ஃபேன்ஸி கோழி விற்கும் ஒருவரிடம் ஃபிரிசில், அதாவது இறகு சுருண்ட கோழி, ஜோடி கேட்டேன். சாதாரண சுருளுக்கு ஒரு விலை, "டபுள் சுருள்" என்றால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. "ப்யூர் லைன் சார், குஞ்சு நூத்துக்கு நூறு சுருளாத்தான் வரும்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் கொடுமை.

இறகைச் சுருட்டும் மரபணு தாய், தகப்பன் இரண்டில் ஒன்றிடமிருந்து வந்தாலே போதும், இறகு வெளிப்பக்கமாக வளைந்து நாம் ஆசைப்படும் அந்த அழகு வந்துவிடும். இரண்டு பக்கமும் வந்தால் இறகுத் தண்டு மெலிந்து, கூண்டில் உரசினாலே ஒடியும். இறகுக்கு உறுதி தரும் கெரட்டின் புரதத்தில் ஏற்படும் கோளாறு இது. 2012-ல் வெளியான ஆய்வு கே.ஆர்.டி.75 என்ற மரபணுவைக் காட்டியது. இந்தக் கோழிதான் "டபுள் சுருள்" என்ற பெயரில் கூடுதல் விலைக்குப் போகிறது. இரண்டை ஜோடி சேர்த்தால் குஞ்சு எல்லாமே அதே கதிதான்.

அப்படியொரு டபுள் சுருள் ஜோடியைத்தான் நான் வாங்கி வந்தேன். எங்கள் வீட்டில் முதலில் பெட்டையின் முதுகு வெறுமையானது, பிறகு இறக்கை. விற்றவரிடம் போனில் கேட்டால், "மோல்ட்டிங் சார், லிவர் டானிக் குடுங்க" என்றார். இறகு உதிர்க்கும் பருவம் என்றால் புது இறகு முளைக்க வேண்டும். இங்கே ஒடிந்த தண்டுதான் நின்றது. உடம்புச் சூடு வெளியேறிக்கொண்டே இருப்பதால் இப்படிப்பட்ட கோழி அதிகம் தின்னும், இதயம்கூட வீங்கும். ஐப்பசி மழையில் பெட்டை செத்தது.

நேரில் போனபோது அவருடைய இனப்பெருக்கக் கூண்டைப் பார்த்தேன். சுருள் சேவலுடன் நின்றதெல்லாம் சாதாரண இறகுப் பெட்டைகள்! சரியான முறை அதுதான்: சேவல் சாதாரண சுருள் என்றால் பாதிக்குப் பாதி நல்ல சுருள் குஞ்சு, மீதி சாதாரணம், மொட்டை எதுவும் வராது. தனக்கு மட்டும் தெரிந்து வைத்திருக்கிறார். கேட்டதற்குக் கூச்சமே இல்லாமல், "அதெல்லாம் ஃபிரிசில் ஸ்ப்ளிட் சார், எடுத்துக்கிறீங்களா?" என்கிறார். ஒரு மரபணுவை வெளியே தெரியாமல் சுமக்கும் பறவைக்குத்தான் ஸ்ப்ளிட் என்று பெயர்; லவ்பேர்ட்ஸில் அது உண்டு. ஆனால் சுருள் என்பது ஓங்கு பண்பு; மரபணு இருந்தால் பெரும்பாலும் இறகிலேயே தெரிந்துவிடும். சாதாரண இறகுக் கோழிக்கு ஸ்ப்ளிட் என்று காசு கேட்பது இன்னொரு ஏமாற்று.

பணத்தைக் கேட்டால், "உயிருக்கு ரிட்டர்ன் கிடையாது" என்று முடித்துவிட்டார்.

மிச்சமிருக்கும் டபுள் சுருள் சேவலைச் சாதாரண இறகுள்ள சிறுவிடை நாட்டுக்கோழிப் பெட்டைகளோடு விட்டிருக்கிறேன். சேவலிடம் இரண்டு பங்கும் சுருள் மரபணுதான்; குஞ்சு ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பங்கு மட்டுமே போகும், அதனால் எல்லாம் நல்ல சுருளாக வர வேண்டும். நீங்கள் வாங்கும்போது தாய், தகப்பன் இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். வளர்ந்த கோழியின் இறக்கையை விரித்து, ஒடிந்த தண்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஒருநாள் குஞ்சில் சுருள் தெரியாது, இறக்கை இறகு முளைக்க வேண்டும். "கேரண்டி" என்று யார் சொன்னாலும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அவருடைய விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. படத்தில் இருப்பது இறகு ஒடியத் தொடங்காத இளங்கோழி.