மூட்டையா, பாக்கெட்டா? பெரிய குடும்பத்தின் மளிகைக் கணக்கு

எட்டுப் பேர், பத்துப் பேர் சாப்பிடும் வீட்டில் மளிகைச் செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் முதலில் வரும் யோசனை "மொத்தமாக வாங்கிப் போடுங்கள்" என்பதுதான். பாதி சரி. மீதிப் பாதியை யாரும் சொல்லாததால், மொத்தமாக வாங்கியும் பல வீடுகளில் மாதக் கடைசியில் கையைக் கடிக்கிறது. கடையில் கொடுத்த பணம் ஒரு கணக்கு. வாங்கியதில் எவ்வளவு தட்டுக்கு வந்தது என்பது இன்னொரு கணக்கு. முதலாவதை இரண்டாவதால் வகுத்துப் பார்த்தால்தான் ஒரு சாமானின் நிஜமான விலை தெரியும். கீழே வரும் எல்லா வழிகளையும் அந்த விலையை வைத்தே பார்க்கிறேன்.

வீணாவது அப்படி எவ்வளவு பெரிய தொகை என்று தோன்றலாம். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-இல் உலக அளவில் வீடுகளில் மட்டும் ஆளுக்குச் சராசரியாக 79 கிலோ உணவு குப்பைக்குப் போயிருக்கிறது. இதில் தோல், எலும்பு போன்ற சாப்பிட முடியாதவையும் அடக்கம். அவற்றைக் கழித்துவிட்டாலும், பத்துப் பேர் வீட்டுக்குப் பெருக்கிப் பார்த்தால் வருவது சின்ன மூட்டை இல்லை.

மூட்டையும் பாக்கெட்டும்

மூட்டையாக வாங்கினால் கிலோவுக்கு 20 சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 20 சதவீதம் வண்டு பிடித்தோ காறல் வாடை அடித்தோ வீணானால், லாபம் பூஜ்யம். பாக்கெட் வாங்கியவரும் நீங்களும் சாப்பிட்ட ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரே விலைதான் கொடுத்திருக்கிறீர்கள். 25 சதவீதம் வீணானால் நஷ்டம். தள்ளுபடி எத்தனை சதவீதமோ, வீணாவது அதைவிடக் குறைவாக இருக்கும் வரைதான் மூட்டை கட்டுப்படியாகும்.

பெரிய குடும்பத்துக்கு இங்கே ஒரு பலம் இருக்கிறது. சாமான் சீக்கிரம் தீரும். ஆளுக்கு நாளொன்றுக்கு 150 கிராம் அரிசி என்றால், 25 கிலோ மூட்டை பத்துப் பேர் வீட்டில் 17 நாள் வரும். இரண்டு பேர் வீட்டில் அதே மூட்டை ஏறக்குறைய 83 நாள் கிடக்கும். வண்டுக்கும் பூஞ்சைக்கும் நேரம் கொடுக்காத வீடு உங்களுடையது. அதனால் சின்னக் குடும்பத்துக்கு ஒத்துவராத மூட்டைகூட உங்களுக்கு லாபமாகலாம்.

ஆனால் எல்லாச் சாமானும் மூட்டைக்கு ஏற்றதில்லை. உப்பு, சர்க்கரை, வெள்ளை அரிசி, உலர்ந்த பயறு, பருப்பு வகைகளை ஈரம் படாமல் காற்றுப்புகாத டப்பாவில் வைத்தால் நீண்ட காலம் கெடாது. தவிடு நீக்காத அரிசியின் கதை வேறு. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. சுமார் ஆறு மாதத்தில் வாடை மாறத் தொடங்கும். முழுக் கோதுமை மாவும் அப்படித்தான், வெள்ளை மாவைவிடச் சீக்கிரம் கெடும். மசாலாப் பொருள்களை முழுதாக வாங்கினால் மணம் வருடக்கணக்கில் நிற்கும், பொடியாக வாங்கினால் நிற்காது. எண்ணெயைப் பெரிய டின்னில் வாங்கலாம். ஆனால் ஒரு சின்னப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பருகே வைத்துக்கொண்டு, டின்னை மூடி இருட்டான, சூடில்லாத இடத்தில் வைக்க வேண்டும். காற்று, வெளிச்சம், சூடு மூன்றும் எண்ணெய்க்கு ஆகாது.

வண்டு பற்றி ஒரு விஷயம். வீட்டுக்கு வந்த பிறகுதான் வண்டு வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அதன் முட்டை கடையிலிருந்தே தானியத்தோடு வந்துவிடும். ஃப்ரீசரில் இடம் இருந்தால், பருப்பையோ மாவையோ இறுக்கமாக மூடிய பையில் போட்டு மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் வைத்தெடுங்கள், முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடாதீர்கள். அறையின் வெப்பத்துக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும். குளிர்ந்திருக்கும்போதே திறந்தால் உள்ளே ஈரம் வியர்த்து, வண்டுக்குப் பதில் பூஞ்சை வந்து சேரும்.

மூட்டைக்கு இன்னொரு மறைமுகச் செலவும் உண்டு. கண்ணெதிரே நிறைய இருந்தால் கை தாராளமாகப் போகும். பிஸ்கட், சிப்ஸ், கொட்டை வகைகள், பழச்சாறு போன்றவற்றில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். ஒரு மாதத்துக்கு என்று வாங்கிய பெரிய டப்பா பத்தே நாளில் காலியாகும், மறுபடி வாங்குவோம். சமைக்காமல் அப்படியே வாயில் போடக்கூடிய எதையும் மூட்டையாக வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அரிசியையோ பருப்பையோ யாரும் போகிற போக்கில் அள்ளித் தின்பதில்லை.

பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்றும் நம்பிவிடக் கூடாது. கிலோவுக்கு, லிட்டருக்கு என்ன விலை என்று வகுத்துப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1998-லேயே இந்த அலகு விலையைக் கடைக்காரர் காட்ட வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. உங்கள் கடையில் அது எழுதப்படாவிட்டால் கைபேசி இருக்கிறது. விலை மாறாமல், பாக்கெட்டும் பார்க்க அப்படியே இருக்க, உள்ளே எடை மட்டும் குறைந்திருக்கும் வேலையும் இந்தக் கணக்கில்தான் வெளிச்சத்துக்கு வரும். சலுகைகளையும் சதவீதமாக்கிப் பார்ப்பது நல்லது. மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பது 25 சதவீதத் தள்ளுபடி. இரண்டாவதுக்குப் பாதி விலை என்பதும் அதே 25 சதவீதம்தான். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் 33 சதவீதம். சலுகையில் வருவது அத்தனையும் தீரும் சாமானாக இருந்தால் எடுங்கள், இல்லையென்றால் ஒன்றே போதும்.

மாதத்துக்கு ஒருமுறையா, வாரத்துக்கு ஒருமுறையா

அன்றாடம் கடைக்குப் போவதுதான் மூன்றிலும் செலவு கூடிய வழி. ஒரு சாமானுக்காகப் போய் நான்கோடு திரும்புவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. மாதம் ஒருமுறை வாங்குவது அந்தச் சபலத்தைக் குறைக்கும், ஆனால் காய்கறி, பால், கீரை, மீன் அதற்கு ஒத்துவராது. உலர்ந்த சாமான் மாதத்துக்கு ஒருமுறை, காய்கறியும் பழமும் வாரத்துக்கு ஒருமுறை, சீக்கிரம் வாடுவதை மட்டும் வார நடுவில் கொஞ்சம் என்று பிரித்துக்கொள்வதே பெரிய வீட்டுக்குச் சரி.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மாத மளிகைக்கு ஒரே நாளில் பெரிய தொகை வேண்டும். வாரக்கூலியில் ஓடும் வீட்டுக்கு அது எங்கிருந்து வரும்? கடன் அட்டையில் தேய்த்து, பாக்கியை அடுத்த மாதத்துக்குத் தள்ளினால், மூட்டையில் கிடைத்த தள்ளுபடியை வட்டி தின்றுவிடும். அப்படிப்பட்ட வீட்டுக்கு வாரம் ஒரு மூட்டை முறை நன்றாகப் பொருந்தும். இந்த வாரம் அரிசி, அடுத்த வாரம் எண்ணெய், அதற்கடுத்து பருப்பும் பயறும், நான்காம் வாரம் சோப்பு, சலவைத்தூள். ஒவ்வொன்றும் மொத்த விலையில் கிடைக்கும், ஆனால் எந்த வாரத்திலும் பெரிய சுமை விழாது.

பட்டியல் கொடுப்பதும், தானே எடுப்பதும், வீட்டுக்கு வரவழைப்பதும்

ஒரு காலத்தில் கடைக்காரரிடம் பட்டியலை நீட்டுவோம், அவர் எடுத்துக் கொடுப்பார். வாங்குபவரே கூடையோடு அலமாரிகளுக்கு நடுவே நடந்து எடுத்துக்கொள்ளும் கடையை 1916-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் தொடங்கினார். அதன் பெயர் பிக்லி விக்லி. கடைக்காரருக்கு ஆள்செலவு குறைந்தது, வாங்குபவருக்கு விலையை ஒப்பிட வசதி கிடைத்தது. கூடவே, நினைக்காததையும் எடுக்கும் வாய்ப்பும் வந்தது. நட்டத்துக்கு ஒரு பொருளை விற்று ஆளை உள்ளே இழுத்து, மற்றதில் ஈடுகட்டுவதும் இந்த வகைக் கடைகளில் வழக்கமான உத்தி.

அதனால் என் வரிசை இது. உலர்ந்த மாத சாமானுக்குப் பட்டியல் கொடுத்து வாங்குங்கள், அல்லது இணையத்தில் வரவழையுங்கள். இணையத்தில் கூட்டுத்தொகை கண்ணெதிரே ஏறுவதால், பணம் கட்டும் முன் ஒன்றிரண்டை நீக்க முடியும். ஆனால் இலவச டெலிவரிக்கு இன்னும் கொஞ்சம் சேருங்கள் என்ற வரியைப் பார்த்து, தேவையில்லாததைச் சேர்க்க வேண்டாம். டெலிவரிக் கட்டணமே அதைவிடக் குறைவாக இருக்கலாம். காய்கறியையும் பழத்தையும் மட்டும் நேரில் போய்த் தொட்டுப் பார்த்து எடுங்கள்.

பெரிய பிராண்டா, கடையின் சொந்தப் பாக்கெட்டா

இதில் நீண்ட விவாதம் தேவையில்லை. உப்பு, சர்க்கரை, மாவு, பயறு போன்றவற்றில் கடையின் சொந்தப் பாக்கெட்டே போதும். தேயிலை, காபி, சாஸ் போன்றவற்றில் ருசி மாறும். முதலில் சின்னப் பாக்கெட் ஒன்றை வாங்கி எல்லோருக்கும் கொடுத்துப் பாருங்கள். பிள்ளைகள் தட்டில் ஒதுக்கி வைத்தால் அது மலிவான பொருள் ஆகாது.

உலர்ந்த பயறும் டின் பயறும்

இந்த ஒரு ஒப்பீட்டை எல்லோரும் ஒருமுறையாவது வீட்டில் அளந்து பார்க்க வேண்டும். ஒரு கிலோ உலர்ந்த பயறை இரவு ஊறவைத்து வேகவைத்தால், தண்ணீர் குடித்து ஏறக்குறைய இரண்டரைக் கிலோ ஆகிறது. 400 கிராம் என்று எழுதிய டின்னில் தண்ணீரை வடித்தால் தேறுவது சுமார் 240 கிராம். ஆக, ஒரு கிலோ உலர்ந்த பயறு பத்து டின்னுக்குச் சமம். ஒரு கிலோவின் விலையையும் பத்து டின்னின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எரிபொருள் செலவைச் சேர்த்தாலும் பெரும்பாலும் உலர்ந்ததுதான் ஜெயிக்கும். பிரஷர் குக்கரில் வேகவைத்தால் அந்தச் செலவும் குறையும்.

டின்னின் ஒரே பலம் அவசரத்துக்கு உதவுவது. அதையும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். விடுமுறை நாளில் இரண்டு கிலோ பயறை மொத்தமாக வேகவைத்து, ஆறவைத்து, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து ஃப்ரீசரில் வையுங்கள். ராஜ்மாவில் மட்டும் கவனம் வேண்டும். சரியாக வேகாத ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற புரதம் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவைத்தே வேகவிட வேண்டும். குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்பாத்திரத்தில் பச்சையாகப் போடவே கூடாது.

புதியதும், உறைந்ததும், நறுக்கியதும்

பட்டாணியைத் தோலோடு வாங்கி உரித்தால் எடையில் பாதிகூடத் தேறாது. உறைந்த பட்டாணியில் கொடுத்த காசுக்கு எல்லாமே உள்ளே போகும். பறித்த கொஞ்ச நேரத்திலேயே உறையவைப்பதால் சத்திலும் பெரிதாகக் குறை இல்லை. விலை உச்சத்தில் இருக்கும் காலத்தில் உறைந்ததும், பருவத்தில் விலை சரியும்போது புதியதும் என்று மாற்றிக்கொள்ளலாம். நறுக்கி விற்கும் காய்கறி பெரிய குடும்பத்துக்கு வேண்டாம். நறுக்குகிற கூலியைக் கொடுத்துவிட்டு, சீக்கிரம் கெடும் காயை வாங்கி வருகிறோம். உரிக்கவும் நறுக்கவும் கை நிறைய இருக்கும் வீடு உங்களுடையது. சாப்பிடுகிற பிள்ளைகளுக்கும் அந்த வேலையில் பங்கு இருக்கட்டும்.

கோழியும் அப்படியே. முழுக் கோழி கிலோ விலையில் பெரும்பாலும் துண்டுகளைவிடக் குறைவாகவே இருக்கும், மிஞ்சும் எலும்பில் சூப்பும் வைக்கலாம்.

மிஞ்சியது எவ்வளவு நேரம் நிற்கும்

பெரிய பாத்திரத்தில் மொத்தமாகச் சமைப்பது எரிபொருளுக்கு லாபம், மிஞ்சினால் ஆபத்து. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். பெரிய குண்டானோடு அப்படியே வைத்தால் நடுப்பகுதி ஆறவே நேரமாகும். அகலமான, ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து வையுங்கள். குளிர்பெட்டி 4 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. மூன்று, நான்கு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும், முடியாது என்று தெரிந்தால் அன்றைக்கே உறையவைக்க வேண்டும். பாக்கெட் மேல் "இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்" என்றிருந்தால் அது பாதுகாப்பு எச்சரிக்கை, மீற வேண்டாம். "இந்தத் தேதிக்கு முன் சிறந்தது" என்பது தரத்தைப் பற்றியது. தேதி தாண்டிய மறுநாளே நல்ல சாமானைக் கொட்டிவிடுவது வீண்.

தூரத்து மொத்தக்கடையா, பக்கத்துக் கடையா

மலிவு என்று தூரம் போகும்போது போய்வரும் செலவையும் சாமான் விலையில் சேர்த்துவிடுங்கள். உறுப்பினர் கட்டணம் கேட்கும் கடையானால், கட்டணத்தை வருடத்தில் எத்தனை முறை போவீர்களோ அதனால் வகுத்து அதையும் சேர்க்க வேண்டும். ஒரே மூட்டைக்காகப் போனால் பக்கத்துக் கடையே மலிவாக முடியும். மூன்று மாதச் சாமானுக்காகவோ, இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே வண்டியில் போனாலோ கணக்கு மொத்தக்கடைப் பக்கம் சாயும். அப்படிச் சேர்ந்து வாங்கினால், சாமானை இறக்கிய அன்றைக்கே தராசில் எடை போட்டுப் பிரித்து, பணத்தையும் அப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள்.