வேனே வீடா, வீட்டோடு ஒரு வேனா?

பெங்களூர் அல்சூரில் நாங்கள் இருந்த வாடகை வீட்டின் அக்ரிமென்ட் முடிய இருந்தது. மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள், என் கணவர் விருப்ப ஓய்வு வாங்கிவிட்டார். நான் சில சிறு கம்பெனிகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கிறேன், லேப்டாப்பும் நெட்டும் இருந்தால் எங்கிருந்தும் செய்யலாம். மாதாமாதம் வாடகை கொடுத்துக்கொண்டு ஏன் இங்கேயே கிடக்க வேண்டும், ஒரு வேனை வாங்கி அதிலேயே குடியேறி ஊர் ஊராகப் போனால் என்ன என்ற பேச்சு அப்போதுதான் தொடங்கியது. பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு. வீட்டைக் காலி செய்தால் அந்தத் தொகை கைக்கு வரும் என்பதும் ஆசையைக் கூட்டியது.

பல மாதம் பேசி, ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டியும் பார்த்த பிறகு, எங்கள் முன்னால் நின்றவை இரண்டு வழிகள். ஒன்று, ஃபோர்ஸ் டிராவலர் மாதிரி பெரிய வேனை வாங்கி உள்ளே படுக்கை, அடுப்படி, கழிவறை எல்லாம் கட்டி, வீட்டை விட்டுவிடுவது. இன்னொன்று, மர்பி டவுன் பக்கம் ஒரு சிறிய போர்ஷனுக்கு மாறிக்கொண்டு, மாருதி ஈக்கோ என்ற சிறிய வேனை வாங்கி, மாதத்தில் பாதி நாள் வெளியே சுற்றுவது. நாங்கள் எடுத்தது இரண்டாவது. அதனால் என் மனது எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

ரயிலும் பஸ்ஸும் போதாதா என்று சிலர் கேட்டார்கள். போதும்தான். கன்டோன்மென்ட் ஸ்டேஷன் எங்களுக்குப் பக்கம். எட்டு ஊர்வரை இறங்கி ஏறும்படி சுற்றுப்பயண டிக்கெட்டையே ரயில்வே தருகிறது. ஆனால் 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, அந்த 60 நாளுக்கு முன்பே எங்கே போகிறோம் என்று முடிவு செய்திருக்க வேண்டும். பிடித்த ஊரில் இரண்டு நாள் கூடத் தங்குவது எங்களுக்கு முக்கியம் என்பதால் அதை ஓரமாக வைத்துவிட்டோம்.

சௌகரியத்தில் டிராவலரை ஈக்கோ நெருங்கவே முடியாது. டிராவலரில் நிமிர்ந்து நிற்கலாம், மழை பெய்தாலும் உள்ளேயே சமைக்கலாம், அவர் தூங்கும்போது நான் மேஜையில் உட்கார்ந்து வேலை செய்யலாம். ஈக்கோவில் நாங்கள் செய்திருப்பது, சீட்டை வெட்டாமல், பாடியில் ஓட்டை போடாமல், மேலே வைத்து எடுக்கும்படி ஒரு பிளைவுட் பலகை, இரண்டாக மடியும் மெத்தை, ஜன்னலுக்குக் கொசுவலை, கழுத்தில் மாட்டுகிற மாதிரி ஒரு சார்ஜ் ஃபேன், அவ்வளவுதான். என் உயரத்துக்குக் கால் நீட்டிப் படுக்கலாம். அவர் கொஞ்சம் குறுக்காகப் படுத்தால்தான் சரிவரும். இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால், பகல் முழுக்க ஓட்டிவிட்டு நிறுத்தினால் முன்பக்கம் ஆற நேரம் எடுக்கும். தொடர்ந்து மூன்று ராத்திரி அதில் படுத்தால் நான்காவது நாள் லாட்ஜ் தேவைப்படும். எங்களுக்கு அது பரவாயில்லை.

தண்ணீரும் கரண்டும் எல்லாரும் முதலில் கேட்பவை. கர்நாடகக் கிராமங்களில் ஐந்து ரூபாய் நாணயம் போட்டால் இருபது லிட்டர் குடிநீர் பிடித்துக்கொள்ளும் நிலையங்கள் நிறைய இருக்கின்றன. குடிக்கும் தண்ணீர் ஒரு பிரச்சினையே இல்லை. குளிக்கத்தான் தொல்லை. ஆளுக்கு ஒரு வாளி என்றாலும் நூறு லிட்டர் தொட்டி இரண்டு நாளுக்கு மேல் வராது. கரண்டுக்குக் கணக்கு எளிது. 12 வோல்ட், 200 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி என்றால் சுமார் இரண்டரை யூனிட். ஒரு டன் ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட் வரை இழுக்கும். ஃபேன், விளக்கு, லேப்டாப், சின்ன ஃபிரிட்ஜுக்கு அந்த பேட்டரி தாராளம். ராத்திரி முழுக்க ஏ.சி. என்று யாராவது சொன்னால் ஜெனரேட்டரையும் சேர்த்துச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே ஃபேன் போதும். கிருஷ்ணகிரி தாண்டி வேலூர்ப் பக்கம் சித்திரை மாதத்தில் இறங்கினால் கதை வேறு. கழிவறைத் தொட்டியை எங்கே காலி செய்வது என்பதற்கு நம் நாட்டில் இன்னும் சரியான ஏற்பாடு பரவவில்லை. கேரளாவில் 2022-ல் வாகமனில், கேரவன் எனப்படும் இந்த மாதிரி வீட்டு வண்டிகளை நிறுத்தித் தங்க முதல் கேரவன் பார்க் திறந்தார்கள். அந்த மாதிரி இடம் நூறு கிலோமீட்டருக்கு ஒன்று வந்தால் நிலைமையே மாறும்.

ஆர்.சி., அதாவது வண்டியின் பதிவுச் சான்று விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறுகிற மாதிரி வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. கேரவனுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரநிலை இருக்கிறது. அதன்படி கட்டி, ஆர்.சி.யில் கேரவன் என்று ஏறியிருந்தால் கவலையில்லை. பழைய டூரிஸ்ட் வண்டியை மலிவாக வாங்கித் தெரிந்த கார்பென்டரை வைத்து முடித்துவிடலாம் என்பவர்கள், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் ஆர்.சி.யைத்தான் பார்ப்பார் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. எங்கள் முடிவைத் தீர்மானித்தது பட்டறை.

வாடகைக்கு எடுத்த டிராவலரில் ஹம்பி போய்த் திரும்பும் வழியில், சித்ரதுர்காவுக்குக் கொஞ்சம் முன்னால், டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிந்தது. வண்டி ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது. மெதுவாக ஓட்டிவந்து ஹைவே ஓரமாக இருந்த ஒரு ஆட்டோ எலெக்ட்ரிக் கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் தர்மபுரிக்காரர். நம்மூர்ப் பேச்சைக் கேட்டதும் நிம்மதியாக இருந்தது. உள்ளே இருக்கும் வீட்டு பேட்டரியும் அதே ஆல்டர்னேட்டரிலிருந்துதான் சார்ஜ் ஆகிறது என்பதால், ஒயரைப் பார்க்கப் படுக்கையைத் தூக்கச் சொன்னார். மெத்தை, தலையணை, அடியில் அடுக்கியிருந்த அரிசி, பருப்பு, துணிப்பை எல்லாவற்றையும் இறக்கி அவர் கடை பெஞ்சில் வைத்தோம். கிரீஸ் காலோடு பையன்கள் ஏறி இறங்கினார்கள். அவர்கள் வேலை அது. இருட்டும்போது அவர் சொன்னார்: “அக்கா, பார்ட்டு பெங்களூர்ல இருந்து வரணும். நாளைக்கு சாயங்காலம் ஆயிடும். வண்டியை உள்ள விட்டு பூட்டிடுறேன், நீங்க லாட்ஜ் பாத்துக்குங்க.”

அன்று தேதி 19. மாதாந்திர ஜி.எஸ்.டி.யில் 11-ஆம் தேதிக்குள் ஆர்-1 என்ற விற்பனை விவரம், 20-ஆம் தேதிக்குள் 3-பி என்ற வரி ரிட்டர்ன் போட வேண்டும். தள்ளினால் தாமதக் கட்டணம் கிளையன்ட் தலையில் விழும். லேப்டாப், சார்ஜர், அவருடைய பிரஷர் மாத்திரை, இரண்டு செட் துணி என்று அவசரமாக ஒரு பையில் திணித்தோம். ஃபிரிட்ஜில் இருந்த தயிரையும் காய்கறியையும் கடைப் பையன்களிடம் கொடுத்துவிட்டோம். லாட்ஜ் ரூமில் மறுநாள் ரிட்டர்ன் போட்டுவிட்டேன். ஆனால் அந்த ராத்திரி நாங்கள் இருவரும் பேசியதெல்லாம் ஒன்றைப் பற்றித்தான்: இது பத்துநாள் டூர் என்பதால் சரி, பெங்களூரில் வீடும் இல்லாமல் இப்படி நின்றிருந்தால்?

வண்டியில் குடியிருந்தால் வண்டி பட்டறைக்குப் போகிற ஒவ்வொரு முறையும் வீடும் பட்டறைக்குப் போகிறது. அவசரப் பழுது மட்டுமில்லை. வருஷம் இருபதாயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் ஆயில் சர்வீஸ், பிரேக் ஷூ, அலைன்மென்ட், டயர் மாற்றுவது, என்றாவது கிளட்ச் என்று வரிசையாக வரும். மழைக்காலம் முடிந்ததும் அடிப்பாகத்தில் துரு பார்த்து டிங்கரிங், பெயின்ட். பெயின்ட் வேலை என்றால் வண்டியை நாள்கணக்கில் விட வேண்டும், உள்ளே யாரும் படுக்க முடியாது. ராத்திரியில் ஷட்டர் போடும் பட்டறையில் உங்களைத் தங்கவும் விட மாட்டார்கள்.

அப்புறம் வீட்டுப் பக்கத்து வேலை தனி. நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர்களில் ஓடும் அலமாரியின் கீல் தளரும், பைப் ஜாயின்ட் கசியும், மோட்டார் பம்ப் மக்கர் பண்ணும். டிராவலரின் இன்ஜின் வேலைக்கு ஆள் கிடைக்காமல் போகாது; ஆம்புலன்ஸ், ஸ்கூல் வண்டி, டூரிஸ்ட் வண்டி என்று அது ஓடாத ஊர் இல்லை. ஆனால் டீசல் மெக்கானிக் பைப் வேலையைத் தொட மாட்டார், பிளம்பருக்கு 12 வோல்ட் பம்ப் புரியாது, ஏ.சி. ஆள் சோலார் ஒயரைப் பார்த்தால் ஒதுங்கிக்கொள்வார். கடைசியில் உள்வேலை செய்து கொடுத்தவரிடமே ஓட்டிக்கொண்டு வர வேண்டும். ஊர் ஊராகப் போக வாங்கிய வண்டி ஒரே பட்டறையைச் சுற்றி வரும்.

ஈக்கோவுக்கும் பழுது வரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பால், காய்கறி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எல்லாவற்றுக்கும் ஓடுகிற வண்டி அது. எந்தத் தாலுகா ஊரிலும் அதைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் இருப்பார். பலகையையும் மெத்தையையும் இறக்கினால் அது வெறும் வண்டி. சாவியைக் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு லாட்ஜுக்குப் போகலாம். நாலு நாள் ஆகும் என்றால் பஸ் ஏறி மர்பி டவுன் வந்துவிடலாம். அங்கே பூட்டிய ஒரு ரூம், ஒரு மேஜை, மாறாத ஒரு முகவரி இருக்கிறது. கேஸ் இணைப்பு, வங்கிக் கடிதம், வாக்காளர் அட்டை எல்லாம் அந்த முகவரியில்தான். இந்தச் சின்ன வாடகையை நான் செலவாகவே பார்ப்பதில்லை, பயணத்துக்கான இன்ஷூரன்ஸ் என்றுதான் எழுதி வைக்கிறேன்.

விற்கும்போதும் இதே கணக்குதான். மாற்றாத ஈக்கோவை ஸ்கூல் வேன்காரர், கேட்டரிங்காரர், பெரிய குடும்பம் என்று யாரும் வாங்குவார்கள். படுக்கையும் சிங்க்கும் கட்டிய டிராவலருக்கு நம்மைப் போலவே ஆசைப்பட்ட ஒருவர் வர வேண்டும். உள்ளே போட்ட லட்சங்களுக்கு அவர் விலை வைப்பாரா என்பது அவர் மனதைப் பொறுத்தது. டோலிலும் கொஞ்சம் மிச்சம் உண்டு. 2025 ஆகஸ்ட் 15-ல் தேசிய நெடுஞ்சாலைகளில் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான வருடாந்திர ஃபாஸ்டேக் பாஸ், 200 முறை கடக்க, சொந்த உபயோகத்துக்கான கார், ஜீப், வேனுக்கு மட்டும். ஈக்கோ அதில் சேரும். மினி பஸ் வகையில் வரும் வண்டிக்குக் கிடையாது.

இரண்டுக்கும் பொதுவான கட்டுப்பாடுகளில் வித்தியாசம் இல்லை. பந்திப்பூர் காட்டுப் பாதை ராத்திரி 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும், எந்த வண்டியானாலும் குண்டலுப்பேட்டையில் நிற்க வேண்டியதுதான். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும்.

நாங்கள் சுற்றியது பெரும்பாலும் கர்நாடகா, தமிழ்நாடு, கேரளா. ஸ்பிதி, லடாக் பக்கம் குளிரில் ஈக்கோவில் படுப்பது எப்படி இருக்கும் என்று நான் சொல்வது சரியாகாது. அங்கே டிராவலரின் மூடிய அறையே ஜெயிக்கலாம். நாங்கள் எப்போதும் இரண்டு பேர். தனியாகப் பயணம் போகும் பெண்ணுக்கு, ராத்திரி வண்டியை விட்டு இறங்காமலேயே கழிவறை கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரிகிறது. அவருக்கு இந்தத் தராசு வேறு பக்கம் சாயக்கூடும். குழந்தைகளோடு போவதைப் பற்றியும் என் அனுபவம் குறைவு.

சொந்த ஊரில் வண்டியை உள்ளே ஏற்றி நிறுத்தும் அளவுக்கு இடம், அங்கே தங்க ஒரு ரூம், ஸ்பேனரைக் கையில் எடுக்கும் பழக்கம், தேதிக்குக் கட்டுப்படாத வேலை ஆகியவை உங்களுக்கு இருந்தால் டிராவலரைத் தைரியமாக யோசியுங்கள். அதற்கு முன் வாடகைக்கு ஒன்றை எடுத்து மழைக்காலத்தில் ஓட்டிப் பாருங்கள். எடுக்கும்போது ஃபிரிட்ஜ் எவ்வளவு பெரிது என்று கேட்பதைவிட, போன வருஷத்துப் பட்டறை பில்களைக் காட்டச் சொல்லுங்கள். வண்டி எத்தனை நாள் உள்ளே நின்றது என்பது தேதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.