பைபாஸ் ரோட்டு மாடி பூல் கிளப்: டேபிள் சுமார், ஞாயிறு லீக் அருமை

மதுரை பைபாஸ் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருக்கிற பூல் கிளப் இது. பூல் என்றால் க்யூ என்கிற கோலால் டேபிளில் பந்தை அடித்துப் பாக்கெட்டில் போடுகிற ஆட்டம். குறையும் சொல்லப் போவதால் பெயரைப் போடவில்லை. இந்த ஊரில் க்யூ பிடிக்கிறவர்களுக்கு இந்த அடையாளமே போதும்.

ஒன்பது அடி பூல் டேபிள் மூன்று, பன்னிரண்டு அடி ஸ்னூக்கர் டேபிள் ஒன்று. மணிக்கு 200 ரூபாய். வாசலை ஒட்டிய பூல் டேபிளில் துணி நைந்துவிட்டது, மெதுவாக அடித்தால் பந்து இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. லெவல் பாருங்கள் என்று எல்லோரும் சொல்லியாயிற்று, பார்த்தபாடில்லை. கிளப் க்யூக்களில் பாதிக்கு டிப், அதாவது நுனித் தோல், தேய்ந்து கிடக்கிறது. சொந்த க்யூ இருந்தால் எடுத்துப் போங்கள். கீழே டீக்கடையில் பஜ்ஜி தின்ற கையோடு பந்தைத் தொட்டால் மட்டும் தயவு தாட்சண்யம் இல்லாமல் திட்டுவார்கள். அது சரிதான்.

இத்தனை இருந்தும் நான் அங்கே போவது ஞாயிறு சாயங்காலம் நடக்கிற எய்ட் பால் லீக்குக்காக (தன் ஏழு பந்தையும் போட்டுவிட்டு, கடைசியில் எட்டாம் நம்பர் பந்தைப் போடுகிறவர் ஜெயிக்கிற ஆட்டம்). குறிப்பாக, அங்கே விதியைக் கேட்டால் ஒருவரும் முறைப்பதில்லை என்பதற்காக.

மற்ற இடங்களில் ஆடியவர்களுக்கு நான் சொல்வது புரியும். தோற்றவர்தான் டேபிள் காசு கொடுக்க வேண்டும் என்பதால், பவுலா (விதிமீறலா) இல்லையா என்பது நேராகச் சட்டைப்பையைத் தொடும் விஷயம். க்யூவால் அடிக்கிற ஒயிட் பந்து பாக்கெட்டில் விழுந்தால் எதிராளிக்கு ரெண்டு ஷாட் என்பார் ஒருவர், கோட்டுக்குப் பின்னால் வைத்து அடி என்பார் இன்னொருவர். பிரேக்கிலேயே, அதாவது ஆட்டத்தைத் தொடங்குகிற முதல் அடியிலேயே, எட்டு விழுந்துவிட்டால் தொலைந்தது, அரை மணி நேரப் பஞ்சாயத்து. இந்த கிளப்பில் டபிள்யூ.பி.ஏ. என்கிற உலக பூல் சங்கத்தின் விதிகளைத்தான் வைத்திருக்கிறார்கள். பிரேக்குக்குப் பிறகு பவுல் என்றால் எதிராளி ஒயிட்டை டேபிளில் எங்கே வேண்டுமானாலும் வைத்து ஆடலாம். ஒழுங்கான பிரேக்கில் எட்டு விழுந்தால் ஜெயிப்பு இல்லை. எட்டை டேபிளில் குறித்திருக்கிற ஸ்பாட்டில் (புள்ளியில்) திருப்பி வைத்து ஆட்டத்தைத் தொடரலாம், இல்லை மறுபடி பிரேக் அடிக்கலாம். அமெரிக்காவில் ஏ.பி.ஏ. என்கிற அமெச்சூர் லீக்கில் அதே எட்டு, ஒயிட் கூடவே விழாதவரை ஜெயிப்பு. அதனால்தான் யார் விதி என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்வது நல்லது.

கணக்கு எழுதி நடுவராகவும் நிற்கிற கிளப் ஆள்தான் மார்க்கர். லீக் அன்று மூத்த மார்க்கர் ஆட மாட்டார், நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "அண்ணே, இங்க கொஞ்சம் வாங்க" என்றால் எழுந்து வருவார். நிபந்தனை ஒன்றுதான், ஷாட்டுக்கு முன்னாலேயே கூப்பிட வேண்டும். உங்கள் பந்தும் எதிராளி பந்தும் கிட்டக் கிட்ட இருக்கிறது, ஒயிட் எதில் முதலில் படும் என்று சந்தேகமா? அடிப்பதற்கு முன் அவரைப் பக்கத்தில் நிற்க வைக்கலாம். ரெண்டிலும் ஒரே நேரத்தில் பட்டதுபோல் இருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றால் அடித்தவருக்குத்தான் சாதகம்.

ஒரு ஞாயிறு ஸ்னூக்கரில் ஊறிய பெரியவர் ஒருவருக்கும் கல்லூரிப் பையன் ஒருவனுக்கும் மேட்ச். பெரியவரின் ஸ்ட்ரைப் (பட்டை போட்ட) பந்தில் ஒயிட் ஒட்டி நிற்கிறது. பெரியவர் மார்க்கரைக் கூப்பிட்டார்.

"ஒட்டியிருக்கா தம்பி?"

மார்க்கர் குனிந்து பார்த்தார். "ஒட்டியிருக்கு சார்."

"விலக்கி அடிச்சா தொட்டதாக் கணக்குதானே?"

"ஸ்னூக்கர்ல கணக்கு. இங்க இல்ல சார். அந்தப் பந்துல படணும்னா அதைப் பார்த்துத்தான் அடிக்கணும்."

"அப்ப எப்படி அடிக்கிறது நல்லது?"

"அதைச் சொன்னா நான் உங்க டீம்ல சேர்ந்த மாதிரி ஆயிடும் சார்."

பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவன் பவுலுக்காகக் காத்திருந்தான். எதிராளிக்கு எதற்குச் சொல்லித் தர வேண்டும் என்று முனகினான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பந்து ஒட்டியிருக்கிறதா, இன்னதைச் செய்தால் எந்த விதி பாயும் என்பதெல்லாம் நடுவரிடம் கேட்கக்கூடியவை, டபிள்யூ.பி.ஏ.யும் அப்படித்தான் சொல்கிறது. இந்த ஷாட் விழுமா, டேபிள் எப்படி ஓடுகிறது என்பதற்குத்தான் அவர் வாய் திறக்கக் கூடாது. விதி தெரியாதவனை விழவைத்து ஜெயிப்பதில் என்ன இருக்கிறது? ஸ்னூக்கர் விதிகளையே 1882ல் நம் ஊட்டி கிளப்பில் எழுதிச் சுவரில் மாட்டினார்கள். எல்லோரும் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதானே!

இப்போது என் மனத்தாங்கல். மூத்தவர் லீவு போட்ட ஒரு நாள் சின்ன மார்க்கரைக் கூப்பிட்டேன். என் பந்து குஷனில் (டேபிளின் ரப்பர் ஓரத்தில்) ஒட்டியிருக்கிறது என்று சரியாகச் சொன்னான். ஒயிட்டால் அதை மெதுவாகத் தொட்டால் போதுமா என்றேன். "ஏற்கெனவே குஷன்லதானே இருக்கு, போதும்ணே" என்றான். தொட்டேன். எதிர் டீம் கேப்டன் விதித்தாளைக் கொண்டுவந்து காட்டினார். எந்தப் பந்தும் விழாவிட்டால், ஒட்டிய பந்து அந்தக் குஷனை விட்டு விலகித் திரும்ப வந்து படவோ வேறு குஷனுக்குப் போகவோ வேண்டும், அல்லது ஒயிட்டோ இன்னொரு பந்தோ குஷனைத் தொட வேண்டும். பவுல் ஆனது, அந்த ஆட்டமும் போனது. நடுவர் விதியைத் தவறாகச் சொன்னாலும் அது ஆட்டக்காரரைக் காப்பாற்றாது என்பதும் விதியிலேயே இருக்கிறது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கவுன்ட்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கிற அந்தத் தாள் முழுக்க ஆங்கிலம், எறும்பு எழுத்து. பெரிதாகத் தமிழில் ஒன்று அடித்து ஒட்ட எத்தனை செலவாகிவிடும்?

பெஞ்சில் உட்கார்ந்து "கட் பண்ணுடா மாப்ள" என்று கத்துகிறவர்களை அடக்குவதிலும் சின்னவன் சுமார்தான்.

லிஃப்ட் கிடையாது, படி செங்குத்து. பைக் நிறுத்த இடம் உண்டு, கார் என்றால் அலைய வேண்டும். லீக்கில் ஆட ஞாயிறு நாலு மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். தனியாகப் போனாலும் ஆள் குறைகிற டீமில் சேர்த்துவிடுவார்கள். மூத்த மார்க்கர் வருகிறாரா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள்.