பிஸ்கட் டின்னில் ஒரு நூலகம்: தொழிலதிபர் புத்தகங்களோடு ஏழு ஆண்டு

பர்மாவில், யாங்கூனில் (பழைய ரங்கூன்) பருப்பு வியாபாரம் செய்கிறேன். பேயின்நவுங் மொத்தச் சந்தைக்குப் பக்கத்தில் சிறிய கிடங்கு, இரண்டு கூலியாட்கள், ஒரு கணக்குப்பிள்ளை. உளுந்தும் துவரையும்தான் முக்கியச் சரக்கு. தொழிலதிபர்களைப் பற்றிய புத்தகங்களைப் படித்து, அவற்றிலிருந்து கிடைத்ததைச் சேர்த்துவைக்கும் பழக்கத்தை 2018 பொங்கலுக்குத் தொடங்கினேன். இன்று 386 அட்டைகள் இருக்கின்றன. இந்த ஏழு ஆண்டில் எது நிலைத்தது, எது பாழாய்ப் போனது என்று எழுதிவைத்தால் இதே வேலையைத் தொடங்க நினைக்கும் யாருக்காவது உதவும்.

தொடங்கிய காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 2017 ஆகஸ்டில் இந்தியா பருப்பு இறக்குமதிக்கு உச்சவரம்பு வைத்தது. துவரை ஆண்டுக்கு 2 லட்சம் டன், உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து 3 லட்சம் டன். பர்மியர்கள் உளுந்து அதிகம் சாப்பிடுவதில்லை. இங்கே விளையும் உளுந்து பெரும்பாலும் இந்தியாவுக்காகவே விளைகிறது. அந்த ஒரு கை மூடியதும் விலை சரிந்தது. என் கிடங்கில் கூரை வரைக்கும் உளுந்து மூட்டை. விற்க ஆள் இல்லாத அந்த மழைக்காலத்தில் கிடங்கிலேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். பன்சோடான் தெரு நடைபாதைக் கடைகளில் பழைய ஆங்கிலப் புத்தகங்கள், பர்மிய மொழிபெயர்ப்புகள், சென்னையிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் கொண்டுவந்த தமிழ்ப் புத்தகங்கள். ஐந்து மாதத்தில் பதினொரு புத்தகம் முடித்தேன். பொங்கலன்று மைத்துனர் "அதிலிருந்து என்ன கத்துக்கிட்டீங்க மாமா?" என்று கேட்டார். "விடாமுயற்சி, துணிச்சல்" என்பதற்கு மேல் ஒன்றும் வாயில் வரவில்லை. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. மறுநாளே நோட்டு வாங்கினேன்.

அந்த முதல் நோட்டு வீண். புத்தகத்துக்கு நாலு பக்கம் ஒதுக்கி, பிடித்த வாக்கியங்களைப் பார்த்து எழுதினேன். ஆறு மாதம் கழித்துத் திறந்தபோது எல்லாம் நாள்காட்டித் தாளில் அச்சடிக்கும் பொன்மொழி மாதிரி இருந்தது. யார், எந்த ஊரில், கையில் எவ்வளவு பணம் இருக்கும்போது, எதற்குப் பயந்து அந்த முடிவை எடுத்தார் என்பது ஒரு வரிகூட இல்லை. வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சம்பவத்தை விட்டுவிட்டேன். மூட்டையை விட்டுவிட்டுச் சீட்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்த கதை.

அப்புறம் செல்பேசியில் ஒரு குறிப்புச் செயலிக்கு மாறினேன். தேடுவது சுலபம், படம் எடுத்து ஒட்டலாம், எல்லாம் நன்றாகவே இருந்தது. 2021 மார்ச் நடுவில் இங்கே செல்பேசி இணையம் நின்றுபோனது. என் குறிப்புகள் எல்லாம் எங்கோ ஒரு கணினியில் பத்திரமாக இருந்தன, என் கையில் ஒன்றும் இல்லை. வங்கியில் பணம் எடுக்க வரிசை, துறைமுகத்தில் சரக்கு தேக்கம். பணமுடையில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கத்தான் மூன்று ஆண்டு எழுதிவைத்தேன், தேவைப்பட்ட வாரத்தில் அதைத் திறக்க முடியவில்லை. அன்று முதல் காகித அட்டைதான். மின்சாரம் போனாலும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படிக்கலாம்.

அட்டையின் அளவு உள்ளங்கை அகலம். தடித்த வெள்ளை அட்டையை அச்சகத்தில் வெட்டி வாங்குகிறேன். மை பேனா கூடாது. யாங்கூன் மழைக்காலத்து ஈரத்தில் ஊறி எழுத்து பரவிவிடும். பந்துமுனைப் பேனா போதும். முதல் ஆண்டு மரப்பெட்டியில் வைத்தேன், பூஞ்சை பிடித்து முப்பது நாற்பது அட்டை போயிற்று. இப்போது பழைய பிஸ்கட் டின். மூடி இறுக்கமானது. அடியில் துணிப்பையில் வறுத்த அரிசி போட்டு, மாதம் ஒருமுறை மாற்றுகிறேன். நாலு மழைக்காலம் தாண்டிவிட்டது, ஒரு அட்டைகூடக் கெடவில்லை.

அடுக்கும் முறையில்தான் ரொம்ப நாள் தடுமாறினேன். முதலில் ஆள் பெயர் வரிசை. அப்புறம் "துணிவு", "சேமிப்பு", "நேர்மை" என்று குணங்களின் வரிசை. இரண்டும் உதவவில்லை. கடையில் ஒரு சிக்கல் வரும்போது "துணிவு" என்ற தலைப்பை யார் தேடுவார்கள்? அந்த நேரத்தில் மனசுக்குள் ஓடுவது ஒரு கேள்வி. இந்த ஆளுக்குக் கடன் கொடுக்கலாமா? விலை விழும்போது விற்பதா, வைப்பதா? கணக்குப்பிள்ளை வேலையை விட்டால் என்ன செய்வேன்? ஆகவே 2022இல் எல்லா அட்டையையும் கேள்வி வாரியாகப் பிரித்தேன். மொத்தம் 23 கேள்வி. இந்த ஒரு மாற்றம்தான் டின்னை உயிரோடு வைத்திருக்கிறது. அதுவரை வாரக்கணக்கில் திறக்காமல் கிடந்தது.

வால்மார்ட் கடைகளைத் தொடங்கிய சாம் வால்டனைப் பற்றிய ஒரு அட்டையை அப்படியே காட்டுகிறேன். கேள்வி: "இடம் என் கையில் இருக்கிறதா?" முன்பக்கம்: "சாம் வால்டன், 1945, அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலம், நியூபோர்ட். 25,000 டாலருக்கு ஒரு கடையை வாங்கினார். அதில் 20,000 மாமனார் கொடுத்த கடன். ஆண்டு விற்பனை 72,000 டாலரிலிருந்து ஐந்து ஆண்டில் 2,50,000. குத்தகைத்தாளில் நீட்டிப்புக்கு ஒரு வரி இல்லை. கட்டடக்காரர் தன் மகனுக்குக் கடையை எடுத்துக்கொண்டார். அடுத்து பென்டன்வில் ஊரில் கடை வைத்தபோது பக்கத்து இடத்துக்கு 99 ஆண்டுக் குத்தகை கேட்டு வாங்கினார்." பின்பக்கம் என் கணக்கு: "2019 கிடங்குக் குத்தகை. ஓராண்டு வாடகை முன்பணம். நீட்டிப்பை எழுதிக் கேட்டேன். மூன்று ஆண்டு கேட்டதில் ஓராண்டுக்குச் சம்மதித்தார். 2020இல் வேறொருவர் கூடுதல் வாடகையோடு வந்தபோது அந்த ஒரு வரிதான் என்னைக் காப்பாற்றியது." இதில் பின்பக்கம்தான் முக்கியம். பின்பக்கம் காலியாக இருக்கும் அட்டை இன்னும் எனக்குச் சொந்தமாகவில்லை என்று அர்த்தம்.

தப்பாகப் பயன்படுத்திய பாடமும் டின்னில் இருக்கிறது. அதே வால்டனிடமிருந்து எடுத்ததுதான்: குறைந்த லாபம், நிறைய விற்பனை. 2019இல் துவரைக்கு என் லாபத்தைப் பாதியாகக் குறைத்தேன். விற்பனை கூடியது உண்மை. மூன்றாம் மாதம் பார்த்தால் பெட்டியில் பணம் இல்லை, பேரேடு முழுக்க வரவேண்டிய பாக்கி. யோசித்தபோதுதான் புரிந்தது. அவருடைய வாடிக்கையாளர் கல்லாவில் ரொக்கம் வைத்துவிட்டுப் போகிறார், சரக்கு கொடுப்பவர் அவருக்குத் தவணை கொடுக்கிறார். எனக்கு எல்லாம் தலைகீழ். விவசாயிக்கு ரொக்கம் கொடுத்து வாங்கி, ஆலைக்காரருக்குப் பதினைந்து நாள் கடனில் கொடுக்கிறேன். விற்பனை கூடக் கூட என் பணம் வெளியேதான் போகும். அந்த அட்டையின் மேல் சிவப்புக் கோடு போட்டு, "ரொக்க வியாபாரத்துக்கு மட்டும்" என்று எழுதியிருக்கிறேன். அன்றிலிருந்து ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் "யாருக்குப் பொருந்தாது" என்று ஒரு வரி கட்டாயம்.

அந்த வரி எழுதத் தொடங்கிய பிறகு புத்தகங்களையே வேறு மாதிரி படிக்கிறேன். சோனி நிறுவனத்தை வளர்த்த அகியோ மொரிட்டா 1955இல் அமெரிக்காவின் புலோவா நிறுவனம் கேட்ட ஒரு லட்சம் வானொலிப் பெட்டி ஆர்டரை வேண்டாம் என்றார். பெட்டியில் தங்கள் பெயரைப் போடவேண்டும் என்று அவர்கள் நிபந்தனை வைத்ததே காரணம். படிக்கும்போது உடம்பு சிலிர்க்கும். ஆனால் மொரிட்டா தலைமுறை தலைமுறையாகச் சாக்கே மது வடித்த வசதியான குடும்பத்துப் பிள்ளை, கம்பெனிக்கு அந்தக் குடும்பத்தின் பண உதவியும் இருந்தது. என் அட்டையின் அடியில் "பின்னால் சாய்ந்துகொள்ளச் சுவர் இல்லாதவருக்குப் பொருந்தாது" என்று இருக்கிறது. சுயசரிதைகளில் இந்தச் சுவர் பெரும்பாலும் முதல் அத்தியாயத்தில் ஓரமாக வந்துபோகும். அதைக் குறித்துக்கொள்ளாமல் பாடத்தை மட்டும் எடுத்தால் நாம் தவறிப் போவோம். சுயசரிதை எழுதுபவர் தன் ஞாபகத்தில் தேறியதைத்தான் எழுதுகிறார் என்பதால், முடிந்தவரை அதே ஆளைப் பற்றி வேறொருவர் எழுதியதையும் தேடிப் படிக்கிறேன்.

ஹோண்டா அட்டைகள் நாலைந்து உண்டு. சோய்ச்சிரோ ஹோண்டா இயந்திரம் பார்க்க, 1949இல் சேர்ந்த தக்கேயோ ஃபுஜிசாவா பணமும் விற்பனையும் பார்க்க, இருவரும் 1973இல் ஒன்றாக ஓய்வு பெற்றார்கள். கணக்குப்பிள்ளையோடு மனத்தாங்கல் வரும் நாளில் அதை எடுத்துப் படிப்பேன்.

2022 தீபாவளிக்குப் பெரியப்பா வீட்டுக்கு வந்தார். மொகல் தெருவில், இப்போது ஷ்வே பொன்தார் தெரு, ஒரு செட்டியார் கிட்டங்கியில் (வட்டித் தொழில் நடந்த கடைவீடு) அவருடைய அப்பா சமையல் வேலை பார்த்தவர். டின்னைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அமெரிக்காக்காரன் இருக்கான், ஜப்பான்காரன் இருக்கான். இந்தத் தெருவுல வட்டிப் பெட்டி முன்னால உக்காந்தவங்க கதை ஒண்ணாச்சும் இருக்கா தம்பி?" என்றார். இல்லை என்று தலையசைத்தேன். அடுத்த மூன்று மாதம் அவரைக் கேட்பதும், பழைய புத்தகங்களைத் தேடுவதுமாகப் போயிற்று. என் டின்னில் நான் அதிகம் மதிக்கும் அட்டைகள் அப்போது எழுதியவை.

முருகப்பா குழுமம் தொடங்கியது இந்த மண்ணில்தான். 1900இல் மௌல்மீனில் அ. மு. முருகப்பச் செட்டியார் வைத்த வட்டிக்கடை. 1930களில், போர் இங்கே வருவதற்கு முன்பே, அந்தக் குடும்பம் தன் மூலதனத்தை இந்தியாவுக்கு நகர்த்திக்கொண்டது. எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் கிளை திறந்தார். இந்த இரண்டுக்கும் பக்கத்தில் மூன்றாவது அட்டை. 1930இல் நெல் விலை விழுந்தது, கடன் வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை, ஈடு வைத்த நிலம் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு, 1937இல் சுமார் 25 விழுக்காடு. அவர்கள் நிலம் வாங்க வந்தவர்கள் இல்லை, பணம் சுழலவேண்டும் என்று வந்தவர்கள். சுழலவேண்டிய பணம் வயலாகி உறைந்தது. போர், அதற்கப்புறம் 1948இன் நிலத் தேசியமயச் சட்டம், எல்லாம் கைவிட்டுப் போனது. இந்த மூன்று அட்டையும் ஒரே கேள்வியின் கீழ் இருக்கின்றன: "என் பணம் எங்கே உறைந்திருக்கிறது?" 2017இல் கிடங்கில் உறைந்த என் உளுந்தையும் நாலாவது அட்டையாக அங்கேதான் வைத்தேன்.

பெரியப்பா சொன்ன இன்னொன்றை முறையாகவே எடுத்துக்கொண்டேன். கிட்டங்கியில் முதலாளியின் மேலாள், அதாவது பொறுப்பாளர், மூன்று ஆண்டுக் கணக்குக்கு வருவார், முடிந்ததும் ஐந்தொகை (வரவு, பாக்கி, இருப்பு எல்லாம் சேர்த்த முடிவுக் கணக்கு) போட்டு ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போவார். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். நானும் ஒவ்வொரு தை மாதமும் டின்னுக்கு ஐந்தொகை போடுகிறேன். பயன்பட்டவை, தப்பாகப் போனவை, தொடாதவை என்று மூன்று அடுக்கு. இரண்டு ஆண்டு தொடாதது வெளியே போகும். இந்தத் தையில் 41 அட்டை போயிற்று, பெரும்பாலும் விளம்பரம் செய்வது பற்றியவை. பருப்பு மூட்டைக்கு விளம்பரம் என்ன வேண்டியிருக்கிறது?

எழுதும் நேரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். புத்தகம் முடித்ததும் எழுதுவதில்லை. ஒரு வாரம் விடுவேன். ஞாபகத்தில் நின்றதை மட்டும் முதலில் எழுதி, பிறகு புத்தகத்தைத் திறந்து ஆண்டையும் தொகையையும் சரிபார்க்கிறேன். ஒரு புத்தகத்துக்கு ஐந்து அட்டைக்கு மேல் கிடையாது. சனிக்கிழமை கடை அடைத்ததும் கேள்வி ஒன்றை எடுத்து அதன் அட்டைகளைக் கணக்குப்பிள்ளைக்கு உரக்கப் படிக்கிறேன். அவருக்கு முதலில் சலிப்பாக இருந்தது. இப்போது அவரே இரண்டு அட்டை எழுதியிருக்கிறார். ஒன்று அவருடைய பாட்டி சொன்னது: 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த அன்று வீட்டில் அரிசி இருந்ததால் பிழைத்தார்களாம். அதை "ரொக்கத்தை எவ்வளவு வைப்பது?" என்ற கேள்வியில் சேர்த்தோம்.

குறையும் உண்டு. தேடுவதற்கு நேரமாகிறது, ஒரே அட்டை இரண்டு கேள்விக்குப் பொருந்தினால் பார்த்து எழுதவேண்டியிருக்கிறது, தீப்பிடித்தால் எல்லாம் போய்விடும். அதற்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் படம் எடுத்து, செல்பேசியிலேயே இருக்கும்படி வைத்து, நகலோடு ஒரு மெமரி கார்டை மைத்துனர் வீட்டில் கொடுத்திருக்கிறேன்.

இப்போது டின்னின் முன்வரிசையில் நிற்கும் கேள்வி பழையதுதான்: "வாங்குபவர் ஒருவரே என்றால்?" 2021இல் இந்தியாவோடு போட்ட உடன்பாட்டில் ஆண்டுக்கு உளுந்து இரண்டரை லட்சம் டன், துவரை ஒரு லட்சம் டன் என்று ஐந்து நிதியாண்டுக்கு இருந்தது. அதன் காலம் 2026 மார்ச் வரைதான். அந்தக் கேள்வியின் கீழ் ஒன்பது அட்டை சேர்ந்திருக்கிறது. வருகிற சனிக்கிழமை அந்த ஒன்பதையும் கணக்குப்பிள்ளையோடு உட்கார்ந்து படித்துவிட்டு, இந்த அறுவடையில் எத்தனை மூட்டை வாங்குவது என்று முடிவு செய்யப்போகிறோம்.