ஜல்லி லாரி தெறித்த கல்லும் கலர் கோடு சொல்லி வாங்கிய பெயிண்டும்

ஓசூரிலிருந்து சூளகிரிப் பள்ளிக்கு தினமும் காரில்தான் போய் வருகிறேன். ஒரு நடைக்கு 25 கிலோமீட்டர் போல வரும். ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் அந்த 44ஆம் எண் நெடுஞ்சாலையில் ஓயாமல் ஓடும். தார்ப்பாய் கட்டாத லாரி ஒன்று முன்னால் போனால் போதும், பானட்டில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். எனக்கு அது வண்டியில் படுகிற சத்தமாகவே தோன்றாது, நெஞ்சில் படுகிற மாதிரி இருக்கும். அப்பா கடைசியாக வாங்கி, ஆசையாகத் துடைத்துத் துடைத்து வைத்திருந்த வேகன் ஆர் அது. வெள்ளி நிறம்.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவிவிட்டு உட்கார்ந்து எண்ணினேன். பானட்டில் மட்டும் 17 இடத்தில் பெயிண்ட் பெயர்ந்திருந்தது. பெரும்பாலானவை கடுகளவு. இரண்டில் மட்டும் நடுவில் காபிப்பொடி நிறத்தில் ஒரு புள்ளி. துரு பிடித்தாயிற்று என்று அதைப் பார்த்ததும்தான் பதறினேன்.

முதலில் ஆன்லைனில் 249 ரூபாய்க்கு ஒரு பேனா வாங்கினேன். எல்லா நிறத்துக்கும் பொருந்தும், கீறல் மறைந்துவிடும் என்று படம் போட்டு விற்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். உள்ளே இருப்பது நிறமே இல்லாத வார்னிஷ் மாதிரி ஒரு திரவம். தடவியதும் ஈரத்தில் கீறல் மறைந்த மாதிரிதான் தெரியும். இரண்டு முறை கழுவியதும் பழைய கதைதான். நிறமே இல்லாத ஒன்று பெயர்ந்த இடத்தை எப்படி மூடும்? வாங்கும் முன் நான் யோசித்திருக்க வேண்டிய கேள்வி.

அதன் பிறகு பக்கத்துத் தெரு டிங்கரிங் பட்டறைத் தம்பி, பேருந்து நிலையம் பக்கம் ஒரு பெயிண்ட் மிக்ஸிங் கடையைக் காட்டினார். இந்த விமர்சனம் அந்தக் கடைக்கும் அது கொடுத்த சின்ன டப்பாவுக்கும்தான்.

போகும் முன் வண்டியின் கலர் கோடை, அதாவது கம்பெனி அந்த நிறத்துக்கு வைத்திருக்கும் குறியீட்டை, குறித்துக்கொள்ளுங்கள். என் வண்டியில் பானட்டுக்கு அடியில் இருக்கும் தகட்டில் இசட்2எஸ் என்று இருந்தது. மாருதியின் சில்கி சில்வருக்கு அதுதான் கோடு. சில வண்டிகளில் கதவுத் தூண் பக்கம் ஒட்டியிருப்பார்கள். "சில்வர் குடுங்க" என்று மட்டும் கேட்டால் எந்தக் கடைக்காரராலும் சரியானதைத் தர முடியாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் வெள்ளி வேறு.

கடைக்கார அண்ணன் கோடைக் கம்ப்யூட்டரில் போட்டு, தராசில் டப்பாவை வைத்து, ஒவ்வொரு நிறத்தையும் கிராம் கணக்கில் ஊற்றினார். நகைக்கடையில் தங்கம் நிறுப்பது போல மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றினார். 100 மில்லிக்குக் குறைந்து கலக்க முடியாது என்றார். பெயிண்ட், சின்ன பாட்டிலில் கிளியர் லேக்கர் (நிறத்துக்கு மேலே பூசும் நிறமில்லாத பூச்சு), கொஞ்சம் மெட்டல் பிரைமர் (அடிப்பூச்சு), நனைத்துத் தேய்க்கும் நைசான உப்புத்தாளான 2000 நம்பர் வாட்டர் பேப்பர் இரண்டு, எல்லாம் சேர்த்து 620 ரூபாய். கிளம்பும்போது அவர் சொன்னதுதான் 620 ரூபாயை விடப் பெரியது.

"பிரஷ்ஷு வேணாங்க டீச்சர். ஈர்க்குச்சியச் சீவிக்கிட்டு தொட்டுத் தொட்டு வைங்க. இழுக்காதீங்க. கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி."

அப்படியே செய்தேன். துரு இருந்த இரண்டு இடத்தையும் ஊசி முனையால் சுரண்டி, தகரம் பளிச்சென்று தெரிந்த பிறகு பிரைமர் ஒரு பொட்டு வைத்துக் காயவிட்டேன். மற்ற இடங்களை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தேன். பழைய மெழுகோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் பெயிண்ட் ஒட்டாது. டப்பாவை மூன்று நிமிடம் விடாமல் குலுக்கினேன். மெட்டாலிக் பெயிண்டில் மினுக்குத் தூள் அடியில் தங்கிவிடும், குலுக்காவிட்டால் சாம்பல் நிறம்தான் வரும்.

ஈர்க்குச்சி நுனியில் ஒரு சொட்டு. குழிக்குள் வைத்ததும் அதுவே விளிம்பு வரை பரவி நின்றது. காய்ந்தபோது உள்ளே அமுங்கிவிட்டது, தின்னர் ஆவியாகிப் போவதால் அப்படித்தான் ஆகும். அரை மணிக்கு ஒரு முறை, மூன்று நான்கு தடவை வைத்தேன். முதலில் மங்கலாக, வேறு நிறம் மாதிரி தெரிந்ததும் கலக்கிக் கொடுத்ததில் தவறோ என்று பயந்துபோனேன். மேலே கிளியர் வைத்த பிறகுதான் நிறம் எழுந்து வந்தது. வெயிலில் செய்யாதீர்கள், பானட் சூட்டில் சொட்டு பரவும் முன்னே இறுகிவிடும். மழை ஈரமும் ஆகாது.

ஒரு வாரம் விட்டு, மேடாக நின்ற பொட்டுகளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த 2000 நம்பர் பேப்பரால் மெல்லத் தேய்த்தேன். இங்கேதான் கை அடங்க வேண்டும். கம்பெனி பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்தே சுமாராக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான், அதில் கிளியர் கோட், அதாவது மேலே இருக்கும் நிறமில்லாத அடுக்கு, பாதிக்கும் குறைவு. ஒரு பொட்டுக்கு ஏழெட்டுத் தேய்ப்பு போதும். பிறகு ரப்பிங் கம்பவுண்ட் போட்டுப் பாலிஷ்.

நின்று பார்த்தால் 17இல் 12 தெரியவில்லை. குனிந்து உற்றுப் பார்த்தால் எல்லாமே தெரியும். எனக்கு அது பரவாயில்லை, துரு நின்றதே போதும்.

கதவுக் கைப்பிடிக் குழியில் என் வளையல் உரசிய கோடுகளுக்குப் பெயிண்டே தேவைப்படவில்லை. தண்ணீர் தெளித்தால் மறையும் கீறல் கிளியர் கோட்டோடு நின்றது, கம்பவுண்டிலேயே போய்விடும். ஆனால் பின் கதவில், சந்தையில் யாரோ பைக் ஹேண்டிலால் இழுத்துவிட்ட ஒரு முழ நீளக் கோட்டில் நகம் மாட்டியது. அதில் இதே பெயிண்டை வைத்துப் பார்த்தேன், நன்றாக வரவில்லை. ஸ்பிரே செய்யும்போது மினுக்கு படுகிற விதம் வேறு, குச்சியில் வைக்கும்போது வேறு. பக்கவாட்டில் நின்று பார்த்தால் கறுப்பாகக் கோடு தெரிகிறது. நீளக் கீறல் என்றால் பட்டறைக்கே கொடுத்துவிடுங்கள்.

கடைக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். மூடி இறுக்கமில்லாத டப்பாவில் கொடுத்ததற்குத்தான் அந்த அரைக் குறைவு. வீட்டுக்கு வந்ததும் பழைய நெயில் பாலிஷ் பாட்டிலைக் கழுவி மாற்றி வைத்தேன்.

ஆடி, ஆவணி மழையெல்லாம் பார்த்தாயிற்று. துரு பிடித்த இரண்டில் ஒன்றின் ஓரத்தில் மறுபடி லேசாகப் பழுப்பு தெரிகிறது. சரியாகச் சுரண்டவில்லை போலிருக்கிறது. பாட்டிலில் பெயிண்ட் நிறைய மிச்சம் இருக்கிறது, அடுத்த ஞாயிறு மறுபடி ஊசியை எடுக்கப் போகிறேன்.