450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் ஆர்டிஎக்ஸ் 3070 மாட்டிய கதை: மூன்று வருஷம் கழித்து எழுதுவது

கம்ப்யூட்டரில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு ஆர்டிஎக்ஸ் 3070 மாட்டி மூன்று வருஷம் ஆகிறது. கார்டைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. மாட்டிய அன்றைக்கு எப்படி ஓடியதோ இன்றைக்கும் அப்படித்தான் ஓடுகிறது. என்னைப் படுத்தி எடுத்தது அதற்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டிதான், அதாவது எஸ்எம்பிஎஸ்.

பழைய எஸ்எம்பிஎஸ் 450 வாட். ஐந்து வருஷம் ஒரு தொந்தரவும் தரவில்லை. தராததற்குக் காரணம் இருந்தது. 1050 டிஐ 75 வாட்டுக்குள் அடங்கிவிடும். அதை மதர்போர்டு ஸ்லாட்டே கொடுத்துவிடும். அந்தப் பெட்டி மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு நாளும் வேலை செய்ததே இல்லை. 3070-க்கு 220 வாட், சிபியு ரைசன் 5 3600-க்கு முழு வேகத்தில் 88 வாட், ஃபேன், டிஸ்க், மதர்போர்டு எல்லாம் சேர்த்து 40 என்று வைத்தாலும் மொத்தம் 350-க்குள் வருகிறதே என்று கணக்குப் போட்டேன். 3070-இன் சிப்பைத் தயாரிக்கும் என்விடியா 650 வாட் எஸ்எம்பிஎஸ் கேட்டிருந்தது. கம்பெனிக்காரர்கள் எப்போதும் கூட்டித்தான் சொல்வார்கள் என்று நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன்.

கார்டில் ஒரு 8-பின், ஒரு 6-பின் சாக்கெட். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வந்ததோ ஒரே ஒரு 6+2 ஒயர் (6-பின்னாகவோ 8-பின்னாகவோ மாட்டலாம்). அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஒயர் இல்லை என்றால் அந்தப் பெட்டி இந்த மாதிரி கார்டுக்காகச் செய்யப்படவில்லை என்றுதானே அர்த்தம்? நான் டிஸ்க்குக்கான பழைய மோலெக்ஸ் ஒயரை 6-பின்னாக மாற்றும் அடாப்டர் வாங்கி மாட்டினேன்.

முதல் நாள் ஒரு மணி நேரம் கார்டை முழு வேகத்தில் வைத்துப் பார்க்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் சாயங்காலம் கேம் திறந்து மெனு வந்ததும் உள்ளே "டக்" என்று ஒரு சத்தம்; திரை கருப்பு, ஃபேன் நின்றுவிட்டது. பவர் பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை. பின்பக்க சுவிட்சை அணைத்து, கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால்தான் உயிர் வந்தது. விண்டோஸ் பதிவில் கெர்னல்-பவர் 41. இதை யாரும் பெரிய துப்பு என்று நினைக்க வேண்டாம். ஒழுங்காக ஷட் டவுன் ஆகாமல் மெஷின் நின்றது என்று மட்டும்தான் அது சொல்கிறது. அது எனக்கே தெரியும்.

இரண்டு வாரம் டிரைவரை மாற்றினேன், ரேமைக் கழற்றித் துடைத்தேன், விண்டோஸையே புதிதாகப் போட்டேன். கேம் சூடு பிடித்து ஓடும்போது தாங்குகிறது, மெனுவிலும் லோடிங் முடிகிற இடத்திலும் சாகிறது என்பதுதான் என்னைக் குழப்பியது. பிறகுதான் புரிந்தது. ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஒரே சீராக இழுக்கும். மெனுவில் ஃபிரேமுக்கு (நொடிக்கு எத்தனை படம் என்பதற்கு) வரம்பு இல்லாததால் சும்மா இருந்த கார்டு ஒரே நொடியில் உச்சத்துக்குப் பாய்கிறது. அப்படிப் பாயும்போது, மில்லி செகண்டுக்கும் குறைந்த நேரத்துக்கு, 220-ஐத் தாண்டி எங்கோ போய்வரும். எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்பு சர்க்யூட் அதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு அணைத்துவிடுகிறது. பின்பக்க சுவிட்சைப் போட்டெடுத்தால்தான் எழுந்தது என்பதே அதற்கு அடையாளம். (எஸ்எம்பிஎஸ்களுக்காக 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரம் இதற்காகவே விதி வைத்தது: புது 16-பின் இணைப்பு உள்ள, 450 வாட்டுக்கு மேற்பட்ட எஸ்எம்பிஎஸ், தன் வாட்டில் இரண்டு மடங்கை 100 மைக்ரோ செகண்டுக்குத் தாங்க வேண்டும்.)

உறுதி செய்துகொள்ளச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. கார்டின் வேகத்தையும் பவரையும் மாற்ற உதவும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை 70 சதவீதமாக இறக்கி, ஃபிரேமை 60-இல் நிறுத்தினேன். அணைவது அன்றோடு நின்றது.

அதன் பிறகுதான் கேபினட்டின் பக்கக் கதவைத் திறந்து, டார்ச் அடித்து, பக்கவாட்டு லேபிளைப் படித்தேன். 450 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே கட்டத்தில் +12வி1 18ஏ, +12வி2 18ஏ. கூட்டினால் 36 ஆம்ப், 432 வாட், பரவாயில்லையே என்று தோன்றும். அதற்கும் கீழே பொடி எழுத்தில், இரண்டு 12 வோல்ட் லைனும் சேர்ந்து அதிகபட்சம் 336 வாட். மிச்சமெல்லாம் 3.3 வோல்ட், 5 வோல்ட் லைனுக்கான கணக்கு. கிராஃபிக்ஸ் கார்டும் சிபியுவும் இழுப்பது கிட்டத்தட்ட முழுக்க 12 வோல்ட்டில். 336 வாட் கொடுப்பவனிடம் 350 கேட்டிருக்கிறேன், அதுவும் அடாப்டர் வழியாக. அடாப்டரைக் கழற்றியபோது அதன் வெள்ளை முனை லேசாகப் பழுப்பேறியிருந்தது.

இப்போது இருப்பது 750 வாட், கோல்டு. 12 வோல்ட் ஒரே லைனில் 62 ஆம்ப், அதாவது 744 வாட். வாங்கும்போது நான் பார்த்த எண் அதுதான். கோல்டு என்பது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்று. தாங்கும் பலத்துக்கு அல்ல. கார்டின் இரண்டு சாக்கெட்டுக்கும் தனித்தனி ஒயர் போட்டேன்; ஒரே ஒயரின் இரட்டை முனையை மாட்டவில்லை. பிளக் மீட்டரில் கேம் ஓடும்போது 370 வரை காட்டுகிறது. பாதிக்கும் குறைவான சுமை என்பதால் அதன் ஃபேன் ஓடுவதே காதில் விழுவதில்லை.

இதிலும் ஒரு சொதப்பல் உண்டு. போன வருஷம் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் போட ஒரு சாட்டா பவர் ஒயர் தேவைப்பட்டது. டப்பாவில் தேட சோம்பல்பட்டு, டிராயரில் கிடந்த வேறொரு மாடுலர் (ஒயர்களைக் கழற்றி மாட்டக்கூடிய) எஸ்எம்பிஎஸ்ஸின் ஒயரை எடுத்தேன். அச்சாகப் பொருந்தியது. சுவிட்சைப் போட்டதும் எரிந்த வாசனை. டிஸ்க் முனையில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பதற்குப் பொது விதி இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் அப்படி எதுவும் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும், சில சமயம் ஒரே கம்பெனியின் ஒவ்வொரு மாடலும், தன் இஷ்டத்துக்கு வைக்கிறது. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போயிருக்கிறது. இப்போது டிராயர் ஒயர்களுக்கெல்லாம் மாடல் பெயர் எழுதி டேப் ஒட்டிவிட்டேன்.

அடுத்த கார்டு எப்போது என்று தெரியாது. புதிதாக வருவதில் பலவும் 16-பின் சாக்கெட்டோடு வருகின்றன. என் பெட்டியில் அது இல்லை. கார்டோடு வரும் அடாப்டர் எத்தனை 8-பின் கேட்கிறது, என்னிடம் எத்தனை தனி ஒயர் மிச்சம் என்று முதலில் எண்ண வேண்டும். லேபிளின் போட்டோ போனில் இருக்கிறது.