அம்மாவின் மூச்சுக்கு எது உதவும்: ஸ்டெம் செல் ஊசியா, நடைப் பயிற்சியா?

அம்மா பீடி, சிகரெட் பக்கம் போனதே இல்லை. நாற்பது வருஷம் விறகடுப்பு ஊதினார், அவ்வளவுதான். போன வருஷம் சிஓபிடி என்று சொல்லிவிட்டார்கள். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். அடுத்த வாரமே மாமா ஒரு வீடியோ அனுப்பினார். "ஸ்டெம் செல் போட்டா நுரையீரல் புதுசா வளருமாம், விசாரிச்சுப் பாரு." ஸ்டெம் செல் என்றால் வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல். விசாரித்தேன். அந்த ஊசி போடும் இடத்திலிருந்து போனில் பேசியவர் சில லட்சம் ஆகும் என்றார்.

அவர் சொன்னதில் ஒன்று பாதி உண்மை. "நரம்புல ஏத்தினா செல் நேரா நுரையீரலுக்குத்தான் போகும்" என்றார். போகும். இந்தச் செல்கள் உருவில் பெரியவை, அதனால் நுரையீரலின் மயிரிழை போன்ற ரத்தக் குழாய்களில் சிக்கிக்கொள்கின்றன. ஆனால் பெரும்பாலானவை ஓரிரு நாளில் காணாமல் போய்விடுகின்றன. அவை புதுக் காற்றறைகளாக வளர்வதில்லை. இடிந்துபோன காற்றறைச் சுவர்கள் திரும்ப எழும்புவதும் இல்லை.

அமெரிக்காவில் 62 சிஓபிடி நோயாளிகளை வைத்து இதை முறையாகச் சோதித்தார்கள். பாதிப் பேருக்குச் செல், மீதிப் பேருக்கு வெறும் திரவம், மாதம் ஒன்றாக நான்கு முறை. இரண்டு வருஷம் கவனித்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆபத்து பெரிதாக இல்லை. ஆனால் நுரையீரலின் திறனை அளக்கும் ஊதும் சோதனையிலும் ஆறு நிமிட நடையிலும் இரண்டு தரப்புக்கும் வித்தியாசமே தெரியவில்லை. சிலருக்கு ரத்தத்தில் அழற்சியின் அளவு குறைந்தது, அதனால் ஆராய்ச்சி தொடர்கிறது. தொடரட்டும், நானும் நல்ல சேதிக்குத்தான் காத்திருக்கிறேன். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் போன்ற சிலவற்றைத் தவிர மற்றதற்கெல்லாம் இது அனுமதி பெற்ற ஆய்வுக்குள்தான் நடக்க வேண்டும். ஆய்வு என்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. "இது ஆய்வா? பதிவு எண் என்ன?" என்று கேட்டேன். அனுப்புகிறேன் என்றார்கள். வரவில்லை.

சரி, வீட்டில் ஆக்சிஜன்? இதற்குச் சான்று பலமாக இருக்கிறது. 1981-ல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில், தினம் 15 மணி நேரம் ஆக்சிஜன் எடுத்த 42 பேரில் ஐந்து வருஷத்தில் இறந்தவர்கள் 19 பேர். எடுக்காத 45 பேரில் 30 பேர். ஆனால் இந்தப் பலன், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஆக்சிஜன் மிகவும் குறைந்தவர்களுக்கு; ஆக்சிமீட்டரில் 88 அல்லது அதற்குக் கீழே என்று வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் மட்டும் குறைந்த 738 பேரை வைத்து 2016-ல் வந்த அமெரிக்க ஆய்வில் பலன் தெரியவில்லை. அம்மாவுக்கு 92. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் வாங்கக் கிளம்பிய அண்ணனை டாக்டரே நிறுத்திவிட்டார்.

மூச்சுக்குழாய்க்குள் ஒருவழி வால்வு பொருத்துவது, நுரையீரல் மாற்று இரண்டும் வேறு ரகம். வால்வு குறிப்பிட்ட வகை எம்ஃபிசீமாவுக்கு, அதாவது காற்றறைச் சுவர்கள் இடிந்துபோகும் நிலைக்கு, நன்றாகவே உதவுகிறது. ஆனால் 2018-ல் அதற்கு அமெரிக்க அனுமதி வாங்கித் தந்த ஆய்விலேயே, நாலில் ஒருவருக்கு நுரையீரலிலிருந்து காற்று கசிந்து நெஞ்சுக்குள் தேங்கியது. மாற்று அறுவைக்குப் பிறகு ஏறக்குறைய பாதிப் பேர்தான் ஆறு வருஷத்தைத் தாண்டுகிறார்கள். அம்மாவின் நிலை அவ்வளவு தூரம் போகவில்லை.

மிச்சம் இருந்தது, யாரும் வீடியோ அனுப்பாத நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி. 2015-ல் 65 ஆய்வுகளை, சுமார் 3,800 நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மூச்சிரைப்பு, அசதி, நடை மூன்றிலும் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. நுரையீரல் குணமாவதில்லை, குணமாகும் என்று யாரும் சொல்வதும் இல்லை. இரைக்கிறதே என்று உட்கார்ந்துவிட்டால் கால் தசை மெலியும். மெலிந்த காலோடு நடந்தால் இன்னும் சீக்கிரம் இரைக்கும். பயிற்சி பிடிப்பது அந்தக் காலைத்தான். இன்ஹேலரைச் சரியாக இழுக்கவும் அங்கேதான் கற்றுக்கொடுத்தார்கள். அதுவரை மருந்தில் பாதி அம்மாவின் நாக்கிலேயே தங்கியிருக்கிறது!

வாரம் இரண்டு நாள், எட்டு வாரம். மொத்தச் செலவு அந்த ஊசிக்குக் கேட்ட முன்பணத்தைக்கூடத் தொடவில்லை. முதல் நாள் ஆறு நிமிடத்தில் 210 மீட்டர் நடந்தார், கடைசி நாள் 265.

உதட்டைக் குவித்து மூச்சு விடுவது மட்டும் அம்மாவுக்கு முதலில் பிடிபடவில்லை. பயிற்சி தந்த பெண் சொன்னார், "ஊதுகுழல்ல அடுப்பு ஊதுவீங்கள்ல பாட்டி, அதே மாதிரி. ஆனா தீ எரியக்கூடாது, அவ்வளவு மெதுவா." இப்போது மாடிப்படித் திருப்பத்தில் நின்று, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மெதுவாக ஊதுகிறார். அப்புறம் மிச்சப் படிகளையும் ஏறிவிடுகிறார்.